பழைய காரை வீடு: இடிச்சுக் கட்டணுமா, வச்சுச் சரிபண்ணணுமா? 50 வருசக் கரிக்கணக்கு

கொக்கிரகுளம் எழுதியது:

பாளையங்கோட்டை, டவுண், பேட்டை, கல்லிடைக்குறிச்சிப் பக்கம் அறுபது எழுபது வருசத்துக் காரை வீடுகள் மளமளன்னு இடிபடுது. இந்த இழையில ஒரு மாதிரி வீட்டை வச்சுக் கணக்குப் போடுவோம். 1,000 சதுர அடி. ஒன்றரைக்கல் செங்கல் சுவர், சுண்ணாம்புச் சாந்து. பாதி மங்களூர் ஓடு, மீதி பனங்கை போட்ட மட்டப்பா. மட்டப்பாவுல ரெண்டு இடத்துல ஒழுக்கு, சுவர் அடியில மூணு அடி உயரத்துக்கு ஓதம்.

முதல் வழி, முழுசா இடிச்சுட்டு ஆர்சிசி வீடு கட்டுறது. ரெண்டாவது, கூரையையும் ஓதத்தையும் சரிபண்ணிட்டு இதையே வச்சுக்கிடுறது. கல் சூளையில வேகுறதுல தொடங்கி, கடைசியில இடிச்ச கழிவு எங்க போய் விழுதுங்கிறது வரைக்கும் சேர்த்து, 50 வருசத்துக்கு எது சுத்துப்புறத்துக்கு லேசு? எண்ணோட சொல்லுங்க.

மதகடி எழுதியது:

முதல்ல புது வீட்டுக் கணக்கு. நம்ம பக்கம் 1,000 சதுர அடிக்கு ஏறக்குறைய 400 மூட்டை சிமெண்ட், 4 டன் கம்பி, 18,000 செங்கல், 18 யூனிட் எம்சாண்ட் (கல்லை நொறுக்கின மணல்), 13 யூனிட் ஜல்லி போகும் (இங்க யூனிட்டுன்னா 100 கன அடி). மேஸ்திரிக்கு மேஸ்திரி கொஞ்சம் மாறும், ஆனா இதுல இருந்து ரொம்ப விலகாது.

400 மூட்டைன்னா 20 டன். சாம்பல் கலக்காத ஓபிசி சிமெண்டா இருந்தா கிலோவுக்கு ஏறக்குறைய 0.87 கிலோ கரியமிலவாயு, மொத்தம் 17 டன். சாம்பல் கலந்த பிபிசின்னா கிலோவுக்கு 0.6, மொத்தம் 12 டன். கம்பி கிலோவுக்கு 2.3 வச்சா 9 டன். செங்கல் ஒண்ணு 3 கிலோ. நல்ல சூளையில வெந்தா கல்லுக்கு 0.35 கிலோ, எல்லாம் சேர்ந்து 6 டன். ஊருப்பக்கம் அடுக்கி வச்சு எரிக்கிற காளவாசல்னா எரிபொருள் இதுபோல ரெண்டு மடங்கு. மணல், ஜல்லி, டைல்ஸ், ஜன்னல், பெயிண்ட், வண்டி வாடகை எல்லாத்துக்கும் 5 டன் போடுங்க. பிபிசி போட்ட வீட்டுக்கே 32 டன் வருது. குடி போறதுக்கு முன்னாடியே இந்த 32 டன்னும் காத்துல கலந்தாச்சு.

சிமெண்டுல ஏன் இவ்வளவுன்னா, எரிபொருள் மட்டும் காரணமில்ல. சுண்ணாம்புக்கல் எடையில நூத்துக்கு 44 பங்கு கரியமிலவாயுதான். 1,450 டிகிரி வரைக்கும் சுடுறப்போ அது கல்லை விட்டு வெளிய போயே ஆகணும். சூளையைக் காத்தாடி மின்சாரத்துல ஓட்டினாலும் இந்தப் பங்கு குறையாது. சூளையில சுட்டு வர்ற கிளிங்கர்ங்கிற கட்டியைச் சிமெண்டுல குறைச்சாத்தான் குறையும்.

பேட்டைக்காரன் எழுதியது:

மதகடி அண்ணாச்சி, கட்டுறது ஒரு தடவைதான். கரண்டு 50 வருசம் ஓடுதே? மாசம் 200 யூனிட்டுன்னா வருசத்துக்கு 2,400. யூனிட்டுக்கு 0.7 கிலோன்னு வச்சா 1.7 டன், 50 வருசத்துல 84 டன். உங்க 32 டன் இதுல பாதி கூட இல்ல. புது வீட்டைக் குளுமையாக் கட்டி ஏசி செலவைக் குறைச்சா இடிச்சதுக்கு ஈடாயிடுமே. அதோட நம்மூருல கயத்தாறு, ராதாபுரம், பணகுடின்னு எங்க பார்த்தாலும் காத்தாடி. நம்ம கரண்டு சுத்தம்தானே?

மதகடி எழுதியது:

நல்ல கேள்வி தம்பி. கடைசியில கேட்டதை முதல்ல முடிச்சுருதேன். காத்தாடி நம்ம காட்டுல சுத்தினாலும் மின்சாரம் பொதுக் கம்பியிலதான் ஏறுது. வைகாசியில இருந்து புரட்டாசி வரைக்கும் காத்து அடிக்கும், மாசி பங்குனி ராத்திரியில அடிக்காது. தூத்துக்குடி அனல் நிலையமும் அதே கம்பியிலதான் இருக்கு. அதனால கணக்குக்கு நாடு முழுசுக்குமான சராசரியைத்தான் எடுக்கணும். நீங்க எடுத்த 0.7 சரி.

இப்ப பெரிய விசயம். 84 டன் புது வீட்டுலயும் வரும், பழைய வீட்டுலயும் வரும். நாம பார்க்க வேண்டியது ரெண்டு வீட்டுக்கும் நடுவுல இருக்கிற வித்தியாசத்தை மட்டும். பழசைச் சரிபண்ண 40 மூட்டை பிபிசி, 600 கிலோ இரும்பு, 3 டன் சுண்ணாம்பு, வயரிங் சில்லறை எல்லாம் சேர்த்து 6 அல்லது 7 டன் ஆகும். வித்தியாசம் 25 டன். ஒன்றரை டன் அஞ்சு நட்சத்திர ஏசியை வருசத்துக்கு 1,600 மணி நேரம் ஓட்டினா சுமார் 750 யூனிட், 525 கிலோ. 25 டன்னை அதால வகுத்துப் பாருங்க. ஒரு ஏசியை 48 வருசம் ஓட்டினாத்தான் அந்த 25 டன் வரும். புது வீடு ஏசியே இல்லாம இருந்து, பழைய வீடு ஒரு ஏசியோட இருந்தாக்கூட சமனாக அத்தனை வருசம் வேணும்.

இன்னொண்ணு. மின்சாரம் வருசா வருசம் சூரியத் தகடு, காத்தாடின்னு மாறிக்கிட்டு வருது. 2050-ல ஒரு யூனிட்டுக்கு 0.7 இருக்காது. இன்னைக்குக் கட்டிட வேலையில வெளிய போற 32 டன் அப்படிக் குறையவே குறையாது.

மின்விசிறியையும் பாருங்க. பழைய விசிறி 75 வாட், கரண்டு கம்மியா இழுக்கிற பிஎல்டிசி விசிறி 30 வாட். நாலு விசிறி, நாளுக்கு 10 மணி நேரம், வருசத்துக்கு 300 நாள்னா 540 யூனிட் மிச்சம். சுவரைத் தொடாமலே வருசத்துக்கு 380 கிலோ குறையுது.

பொதிகைச்சாரல் எழுதியது:

சுண்ணாம்பு பற்றி ஒரு திருத்தம். மூன்று டன் சுண்ணாம்பு என்று எழுதிவிட்டு அதைச் சிமெண்டு போலவே கணக்கிடுவது சரியாகாது. சுண்ணாம்புக்கல் சுடும்போது விட்ட வாயுவைக் காரை இறுகும்போது காற்றிலிருந்து திரும்ப எடுத்துக்கொள்கிறது, இறுகுவதே அதனால்தான். பூச்சு மெல்லியது என்பதால் இது சில வருடங்களில் பெரும்பாலும் நடந்து முடிந்துவிடும். சூளையில் எரித்த விறகு அல்லது கரியின் பங்கு மட்டும் திரும்பி வராது. ஆகவே பழுதுபார்க்கும் கணக்கு 7 டன்னை விடவும் கீழே இறங்கும்.

ஆனால் இதைவிட முக்கியமானது ஒன்று உண்டு. காரை வீட்டு ஓதத்தைச் சரிபண்ணுகிறேன் என்று அடியில் மூன்று அடிக்குச் சிமெண்டுப் பூச்சுப் பூசுகிறார்கள். அதுதான் வீட்டைக் கெடுக்கிறது. மண்ணிலிருந்து சுவரில் ஏறும் ஈரம் சுண்ணாம்புப் பூச்சின் வழியே ஆவியாகப் போய்விடும். சிமெண்டு அந்த வழியை அடைக்கிறது. ஈரம் இன்னும் மேலே ஏறி, சிமெண்டு முடியும் இடத்துக்கு மேல் உப்பாகப் பூக்கும். உப்புப் படிகம் விரிந்து செங்கல் முகத்தை மாவாக உதிர்க்கும். இரண்டு வருடம் கழித்து, "பழைய வீடு தாங்காது, இடித்துவிடலாம்" என்று பேச்சு வரும்.

செய்ய வேண்டியது: சிமெண்டுப் பூச்சைக் கொத்தி எடுங்கள். இடுக்குகளை ஓர் அங்குல ஆழம் சுரண்டுங்கள். வெளியே தெருமட்டம் உயர்ந்து வீட்டுத் தரைக்கு மேலே போயிருந்தால் சுவரை ஒட்டி ஓடை வெட்டி மட்டத்தை இறக்குங்கள். அது இல்லாமல் வேறு எதைச் செய்தாலும் வீண். சுவர் ஒரு கோடை முழுவதும் காயட்டும். பிறகு ஊறவைத்த சுண்ணாம்பு ஒரு பங்கு, சுத்தமான மணல் மூன்று பங்கு. சுண்ணாம்பு இரண்டு மூன்று வாரமாவது தொட்டியில் ஊறியிருக்க வேண்டும். ஊறாத துகள் பூச்சுக்குள்ளே பொரிந்து குழி விழும். கடுக்காய்த் தண்ணீரும் கருப்பட்டியும் கலப்பது நம் பக்கத்துப் பழைய முறை. மேலே வெறும் வெள்ளை அடித்தால் போதும். எமல்ஷன் அடித்தால் மறுபடி அதே அடைப்புதான்.

சீவலப்பேரி எழுதியது:

எல்லாம் சரி, ஆனா ஒரு எச்சரிக்கை. "காரை வீடு"ன்னு சொல்றதுல பாதி, வெளிய மட்டும் காரை. உள்ள கட்டினது களிமண் சாந்து. ரெண்டையும் ஒண்ணாக் கணக்குப் போட்டா உயிருக்கே ஆபத்து.

சோதிக்கிறது லேசு. மூணு நாலு இடத்துல பூச்சை எடுத்துட்டு, ரெண்டு கல்லுக்கு நடுவுல இருக்கிற சாந்துல ஒரு நெல்லிக்காய் அளவு கட்டி எடுங்க. கண்ணாடி டம்ளர் தண்ணியில போட்டு ஒரு மணி நேரம் விடுங்க. மண்சாந்துன்னா கரைஞ்சு அடியில சேறாப் படிஞ்சுரும். சுண்ணாம்புச் சாந்துன்னா கட்டி கட்டியாவே கிடக்கும், தண்ணி தெளிவா இருக்கும். சுவரோட அடிப்பகுதியில கண்டிப்பா ஒரு மாதிரி எடுக்கணும். சில வீட்டுல மேல சுண்ணாம்பு, கீழ மண்ணுன்னு கலந்து கட்டியிருப்பாங்க.

2023 டிசம்பர் 17, 18 மழையில காயல்பட்டினத்துல ஒரே நாள்ல 95 சென்டிமீட்டர் கொட்டுச்சு, இங்க ஆத்தங்கரை முழுக்கத் தண்ணி நின்னுச்சு. அப்படித் தண்ணி நிக்கிற இடத்துல மண்சாந்துச் சுவர் இருந்தா அதை வச்சுக்கிடச் சொல்ல மாட்டேன். அங்க இடிக்கிறதுதான் சரி. மேட்டுல இருந்து, அஸ்திவாரம் கருங்கல்லா இருந்தா மண்சாந்தையும் காப்பாத்தலாம்.

கொக்கிரகுளம் எழுதியது:

சீவலப்பேரி அண்ணாச்சி, நன்றி. மாதிரி வீடு சுண்ணாம்புச் சாந்துன்னே வச்சுக்கிடுவோம். மட்டப்பா ஒழுக்கையும் பனங்கையையும் எப்படிப் பார்க்கிறது? அதுலதான் எல்லாரும் பயந்து இடிக்காங்க.

சீவலப்பேரி எழுதியது:

மட்டப்பாவுல மேல இருந்து கீழ என்னென்ன இருக்குன்னு தெரிஞ்சா பயம் போயிரும். மேல தட்டோடு, அதுக்குக் கீழ மூணு நாலு அங்குலம் செங்கல் ஜல்லியும் சுண்ணாம்பும் போட்டு அடிச்ச தளம், அதுக்குக் கீழ அச்சுக்கல்லைச் செங்குத்தா நிறுத்தின வரிசை, கடைசியா பனங்கையோ தேக்கு உத்தரமோ. ஒழுக்கு பெரும்பாலும் நடுவுல இருக்காது. கைப்பிடிச் சுவரும் தளமும் சேர்ற மூலையிலயும், தண்ணி விழுற குழாய் வாயிலயும்தான் வரும்.

பனங்கையைப் பார்க்கணும்னா நடுவுல தட்டிப் பிரயோசனமில்ல. சுவருக்குள்ள போற கடைசி ஒரு அடியிலதான் கெடும். ஸ்க்ரூ டிரைவரை வச்சு அழுத்துங்க. வைரம் பாஞ்ச பனைன்னா நுனி இறங்காது. இளம்பனையில சோறு இருந்த பக்கம் பொதபொதன்னு போகும். ஒரு அங்குலத்துக்கு மேல இறங்குனா அந்தக் கை போச்சு. ஒண்ணு ரெண்டு மட்டும் கெட்டிருந்தா ரெண்டு பக்கமும் முட்டுக் கொடுத்து, அந்தக் கையை மட்டும் உருவிட்டு ஐ இரும்பு ஒண்ணு ஏத்தலாம். சுவர்ல இரும்பு உக்காருற இடத்துல கருங்கல் பலகை வைங்க, இல்லன்னா செங்கல் நசுங்கும். இரும்போட நுனியைச் சாந்து வச்சு மூடாதீங்க, கொஞ்சம் காத்து போகணும்.

செய்யவே கூடாதது: ஒழுகுதுன்னு பழைய தளத்து மேல ரெண்டு அங்குலம் சிமெண்ட் கான்கிரீட் போடுறது. ஒரு சதுர அடிக்கு 12 கிலோ பாரம் கூடுது. ஏற்கெனவே தளர்ந்த கை அதுலயே வளைஞ்சுரும். வெயில்ல அந்தக் கான்கிரீட் வேற, அடியில இருக்கிற சுண்ணாம்பு வேற மாதிரி விரியும், மறுபடி விரிசல். தட்டோட்டை எடுத்துட்டு, சுண்ணாம்புத் தளத்துல கெட்ட இடத்தை மட்டும் வெட்டி அதே சுண்ணாம்புலயே போட்டு அடிச்சு, மேல வெள்ளை ஓடு பதிச்சா போதும்.

மதகடி எழுதியது:

கூரைக்கு எண்ணும் சேர்த்துக்கிடுங்க. வீடுகளுக்கான எக்கோ நிவாஸ் சம்ஹிதா 2018 விதியில கூரை வழியா வர்ற வெப்பத்துக்கு 1.2-ன்னு உச்சவரம்பு இருக்கு. ஒரு சதுர மீட்டர்ல, ஒரு டிகிரி வித்தியாசத்துக்கு எத்தனை வாட் உள்ள வருதுங்கிற அளவு அது. வெறும் அஞ்சு அங்குல ஆர்சிசி தளம் சுமார் 3.4. அது மேல மூணு அங்குலம் செங்கல் ஜல்லி சுண்ணாம்பு போட்டா 2.5. வெப்பத்தைத் தடுக்கிற எக்ஸ்பிஎஸ் நுரைப்பலகை நாலு சென்டிமீட்டர் போட்டாத்தான் 0.7-க்குக் கிட்ட வரும். புதுசா வார்க்கிற வீட்டுல பலகை போடாம விட்டா, பேட்டைத் தம்பி சொன்ன "குளுமையான புது வீடு"ங்கிறது நடக்காது. இப்ப நம்மூருல வார்க்கிற தளத்துல பெரும்பாலும் வெறும் தளம், மேல ஒரு தட்டோடு, அவ்வளவுதான்.

பேட்டைக்காரன் எழுதியது:

ஒத்துக்கிடுதேன். வித்தியாசத்தைத்தான் பார்க்கணும், மொத்தத்தை இல்ல. ஆனா குடும்பம் பெருகி மாடி வேணும்ங்கிற இடத்துல இடிச்சுத்தானே ஆகணும்? அப்படிக் கட்டுறவங்க என்ன செய்யணும்?

வல்லநாட்டுக்கல் எழுதியது:

கட்டியே ஆகணும்னா, கம்பியும் சிமெண்டும் சேர்ந்து மூணுல ரெண்டு பங்கு. அங்கதான் கை வைக்கணும்.

சிமெண்டுல பிபிசி எடுத்தாலே 5 டன் மிச்சம், காசும் கூடாது. பக்கத்துலயே தூத்துக்குடி அனல் நிலையத்துச் சாம்பல் இருக்கு. ஆனா பிபிசிக்குப் பலம் மெதுவாத்தான் ஏறும். கான்கிரீட்டுக்கான இந்தியத் தர விதி ஐஎஸ் 456-ல சொல்ற முட்டுப் பிரிக்கிற நாள் (தளம் 4.5 மீட்டர் அகலம் வரைக்கும் 7 நாள், அதுக்கு மேல 14) ஓபிசிக்கானது. பிபிசிக்குக் கூடுதலா விடணும். தண்ணி விடுறது 10 நாளுக்குக் குறையக் கூடாது, 14 நல்லது. தண்ணி விடாத பிபிசி, பவுடர் மாதிரி மேல்முகம் உதிரும். அப்புறம் "பிபிசி மட்டம்"னு பேர் வந்துரும்.

ஆனி, ஆடியில செங்கோட்டைக் கணவாய்க் காத்து அடிக்கிறப்போ பகல்ல தளம் வார்க்காதீங்க. காத்து மேல்முகத்து ஈரத்தை உறிஞ்சி, வார்த்த ரெண்டு மணி நேரத்துலயே கோழிக்கால் மாதிரி விரிசல் விடும். சாயங்காலம் தொடங்கி ராத்திரிக்குள்ள முடிச்சு, மட்டப்பலகை இழுத்த உடனே தார்ப்பாய் போடணும். மறுநாள் காலையில சாக்கு நனைச்சுப் போடலாம்.

சுவருக்கு எலிப்பொறிக் கட்டு போட்டா நாலுல ஒரு கல் மிச்சம், சாந்தும் குறையும், நடுவுல மூணு அங்குலக் காத்து நிக்கிறதால வெயிலும் குறையும். ஆனா நாட்டுக்கல்லை வச்சு இதைக் கட்ட முடியாது. கல்லுக்குக் கல் கால் அங்குலம் மாறுறதால கட்டு ஓடாது, கொத்தனார் சாந்தை அப்பி ஈடு கட்டுவார், மிச்சம் பண்ணினது அதுலயே போயிரும். அளவு ஒத்த சேம்பர் சூளைக் கல் வேணும். கடைக்கால், ஜன்னல் அடி, லிண்டல் இந்த மூணு மட்டத்துலயும் வரிசையைக் கெட்டியாக் கட்டணும்.

தளத்துக்கு ஃபில்லர் ஸ்லாப். இதுக்குத்தான் இடிச்ச மங்களூர் ஓட்டை பத்திரமா எடுத்து வைக்கச் சொல்றது. ரெண்டு ஓட்டை முகத்தோட முகம் சேர்த்துக் கம்பிக்கு நடுவுல வச்சா, கான்கிரீட்டுல அஞ்சுல ஒரு பங்கு குறையும். வார்க்கிறதுக்கு முன்னாடி ஓட்டை நல்லா நனைச்சு வைங்க. காஞ்ச ஓடு கான்கிரீட் தண்ணியைக் குடிச்சுட்டு சுத்தி வெடிப்பு விடும். வடிவமைப்பு பொறியாளர் கையெழுத்தோட இருக்கணும், கொத்தனார் மனக்கணக்குல வேண்டாம்.

டைல்ஸ் மோர்பியில இருந்து வருது, இரண்டாயிரம் கிலோமீட்டருக்கு மேல. சிவப்பு ஆக்சைடு தரை நம்ம ஊர்க் கொத்தனாருக்குத் தெரிஞ்ச வேலை. அதைப் போடுங்க.

தேரிக்காடு எழுதியது:

திசையன்விளை, உவரி, ராதாபுரம் பக்கம் கட்டுறவங்களுக்கு மேல சொன்ன எல்லாத்தையும் விட முக்கியமானது ஒண்ணு இருக்கு, தண்ணி.

போர்த் தண்ணி உப்புக் கரிக்கும். ஐஎஸ் 456-ல கம்பி போட்ட கான்கிரீட்டுக்குத் தண்ணியில குளோரைடு லிட்டருக்கு 500 மில்லிகிராமுக்கு மேல கூடாது. நாக்கை நம்பாம ஒரு பாட்டில் ஆய்வுக்குக் கொடுத்துப் பாருங்க. கூடுதலா இருந்தா கலக்குறதுக்கும் தண்ணி விடுறதுக்கும் ஆத்துத் தண்ணி லாரிதான் வழி. கடலோரத்துல கம்பிக்கு மேல 45 மில்லிமீட்டர் மூடாக்கு, எம்30 பலமுள்ள கலவை, தண்ணி சிமெண்டுல 0.45 பங்குக்கு மேல போகக் கூடாது. நடைமுறையில ஜல்லியைக் கம்பிக்கு அடியில தள்ளி வச்சு வார்க்காங்க, மூடாக்கு 15 கூட வராது. இருபது இருபத்தஞ்சு வருசத்துல கம்பி துருப்பிடிச்சு வீங்கி, அடிப்பூச்சைத் தள்ளி விழும். மதகடி அண்ணாச்சியோட 32 டன்னை 50 வருசத்தால வகுத்தா வருசத்துக்கு 640 கிலோ, 25-ஆல வகுத்தா 1,280. மூடாக்குக்காகக் கம்பிக்கு அடியில வைக்கிற கவர் பிளாக்குக்குக் கஞ்சப்பட்டா சூழல் செலவு ரெட்டிப்பாகுது.

எம்சாண்ட் பத்தியும் ஒரு வார்த்தை. தாமிரபரணி மணலைத் தொடக் கூடாது, அது சரி. ஆனா கழுவாத கல்தூளை எம்சாண்டுன்னு இறக்குறாங்க. மணல், ஜல்லிக்கான தர விதி ஐஎஸ் 383-ல 150 மைக்ரான் சல்லடையில இறங்குறது நூத்துக்கு 20 வரைக்கும்தான் இருக்கலாம். அதுக்கு மேல போனா கலவை தண்ணி கேக்கும், தண்ணி கூடினா பலம் குறையும், கொத்தனார் ஒரு மூட்டை சிமெண்ட் கூடப் போடுவார். தூள் கூடின மணலுக்கும் சிமெண்ட் கணக்குக்கும் இப்படி நேர்த் தொடர்பு இருக்கு.

பொதிகைச்சாரல் எழுதியது:

இடிக்கும் கட்டம் இன்னும் பேசப்படவில்லை. 1,000 சதுர அடிப் பழைய வீடு ஒன்றரைக்கல் சுவரோடு நூறு டன்னுக்கு மேல் போகும். ஜேசிபி வைத்து ஒரே நாளில் தள்ளினால் அத்தனையும் கலந்த குப்பை, நேரே ஏதாவது குளத்தங்கரைக்குப் போய்ச் சேரும். குளத்தின் கொள்ளளவு குறைந்தால் பாசனமும் போச்சு, அடுத்த மழைக்குத் தெருவில் தண்ணீர்.

சுண்ணாம்புச் சாந்தின் பெரிய நன்மை இங்கேதான் தெரியும். கல்லை உளியால் ஒரு தட்டுத் தட்டினால் சாந்து தனியே விழும், செங்கல் முழுதாகக் கிடைக்கும். சிமெண்டுச் சாந்தில் கட்டிய கல் சாந்தோடு சேர்ந்தே உடையும், ஒரு கல்லும் தேறாது. ஆகவே கையால் இடியுங்கள். முதலில் வயரிங், பிறகு கதவு நிலை, ஓடு, உத்தரம், கடைசியில் சுவரை மேலிருந்து வரிசை வரிசையாக. உடைந்த செங்கல் கடைக்கால் நிரப்பவும் கூரைத் தளத்துச் ஜல்லிக்கும் ஆகும். கான்கிரீட் துண்டை நொறுக்கிச் சலித்து ஜல்லியாக்கினால் எம்25 வரை கம்பி போட்ட கான்கிரீட்டில் 20 விழுக்காடு வரை சேர்க்க ஐஎஸ் 383 இடம் தருகிறது. அடித்தளத்து மெலிந்த கலவைக்கு முழுதுமே அதைப் போடலாம். பின்கட்டில் ஆஸ்பெஸ்டாஸ் தகடு இருந்தால் உடைக்காதீர்கள். தண்ணீர் தெளித்து, போல்ட்டைக் கழற்றி முழுத் தகடாக இறக்குங்கள். தூள்தான் நுரையீரலுக்குப் போகும்.

கொக்கிரகுளம் எழுதியது:

எல்லாருக்கும் நன்றி. மாதிரி வீட்டுக் கணக்கை இப்படித் திருத்தி வைக்கிறேன்: புதுசு 32 டன், அதோட இடிபாடு நூறு டன். சரிபண்றது 7 டன்னுக்குக் கீழ, இடிபாடு ரெண்டு மூணு டன். சாந்துச் சோதனையில மண் வந்து, இடமும் தண்ணி நிக்கிற தாழ்வா இருந்தா மட்டும் இடிக்கிற பக்கம்.

கடைசியா ஒண்ணு. மட்டப்பா வேலையை எந்த மாசம் எடுக்கலாம்?

சீவலப்பேரி எழுதியது:

தைப் பொங்கல் முடிஞ்சு பனங்கையை மாத்தத் தொடங்குங்க. ஐப்பசி, கார்த்திகையில தட்டோட்டைத் திறக்கவே கூடாது, ஒரு ராத்திரி மழையில சுண்ணாம்புத் தளம் ஊறி மொத்த பாரமும் கையில இறங்கும். மாசி, பங்குனியில சுண்ணாம்பு போட்டு அடிச்சு, ஈரச்சாக்கு போட்டு மூணு வாரம் காய விடாம வைங்க. சித்திரை வெயில்ல நேராக் காய விட்டா முகம் மட்டும் இறுகி உள்ள பச்சையா நிக்கும். வெள்ளை ஓட்டை வைகாசிக்குள்ள பதிச்சுருங்க. அதுக்கு மேல ஆனிக் காத்துல சாந்து கையில நிக்காது.